ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 2: மாட்டுக்கொட்டகையில் நின்ற வண்டியின் பழுதுகளும் பாகங்களும்

11 ஜனவரி 2025 – திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

எங்கள் பெரியப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 2, இரண்டு கதவு வண்டி, 1967ஆம் ஆண்டுப் பதிவு. 2018 நவம்பரில் கஜா புயலன்று கொட்டகை சாய்ந்ததிலிருந்து யாரும் அதை எடுக்கவில்லை. இப்போது வெளியே இழுத்து நிறுத்தியிருக்கிறோம். சுழற்றிக் கிளப்பும் கைப்பிடிக்கு எஞ்சின் அசையவில்லை. இடது முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் கடக்கென்று சத்தம் வருகிறது. பின்சக்கரங்கள் இரண்டும் மேலே உள்நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. ஓட்டுநர் பக்கக் கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் சாத்த முடிகிறது. வயரிங்கை எலி தின்றுவிட்டது. உள்ளூர் மெக்கானிக் அண்ணன், “இதற்கு டெல்டாவில் ஒரு நட்டுகூடக் கிடைக்காது, முதலில் டிங்கரிங் முடித்துவிட்டு மாருதி 800 எஞ்சினைத் தூக்கி வைத்துவிடலாம்” என்கிறார். அவர் சொல்வது சரியா?

12 ஜனவரி 2025

இரண்டும் வேண்டாம். எஞ்சினையும் தகரத்தையும் தொடுவதற்கு முன்னால் அந்த இடது முன்சக்கரத்தைப் பாருங்கள். அதைப் பார்த்து முடிக்கும்வரை வண்டியைத் தள்ளிக்கூட நகர்த்த வேண்டாம்.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் அடிமுனை ஒரு மரையாக முடிகிறது. அந்த மரை, ட்ரனியன் என்று சொல்லப்படும் வெண்கல உறைக்குள் திருகி நிற்கிறது. அம்பாசடரிலோ ஜீப்பிலோ பார்த்துப் பழகிய மெக்கானிக்குகள் இங்கே கிங்பின்னை, அதாவது சக்கரம் திரும்புவதற்கான தனி ஊசித்தண்டை, தேடுவார்கள். அது இதில் கிடையாது. ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரையே உறைக்குள் சுழல்கிறது, வண்டியின் முன்பாரமும் அதன்மீதே இறங்குகிறது. இதற்குள் இருக்க வேண்டியது கியர் ஆயில், அதாவது இ.பி. 90. நம் பக்கத்துப் பட்டறைகளில் அங்கே நிப்பிளைக் கண்டதும் பழக்க தோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்குவதில்லை, நாளடைவில் காய்ந்து கட்டியாகி எண்ணெய் போகும் வழியையும் அடைத்துவிடுகிறது. பின்னர் மழைநீர் உள்ளே நிற்கிறது, எஃகுத் தண்டு துருப்பிடிக்கிறது, ஒரு நாள் மரை தொடங்கும் இடத்தில் தண்டு முறிகிறது.

என் வண்டியில் அது திருவையாற்றில் முறிந்தது. கும்பகோணம் சாலையில் வேகமாக வந்தபோது முறியாமல், ஒரு தெருவில் வண்டியைத் திருப்புவதற்காக ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்தபோது முறிந்தது என் நல்வினை. முழு ஒடிப்பில்தான் அந்தத் தண்டின்மீது அழுத்தம் அதிகம் என்பதால், முறிவுகளில் பலவும் இப்படி நடைவேகத்திலேயே நிகழ்கின்றன. ஆனால் அதை நம்பிக்கொண்டு ஓட்ட முடியாது.

13 ஜனவரி 2025

சீர்காழி நண்பர் ஒருவர், “எங்கள் அப்பா ஆயுள் முழுக்கக் கிரீஸ்தான் அடித்தார், ஒன்றும் ஆகவில்லை” என்று எழுதியிருக்கிறார். உங்கள் அப்பா அடிக்கடி அடித்திருப்பார், வண்டியும் தினமும் ஓடியிருக்கும். ஓடாமல் நிற்கும் வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தொழிற்சாலைக் கையேடு எண்ணெயைத்தான் சொல்கிறது. அடைப்புத் திருகைக் கழற்றி, நிப்பிளைப் பொருத்தி, எண்ணெய் நிரப்பிய கிரீஸ் கன்னால் மேலே வழியும்வரை அழுத்த வேண்டும்.

கேள்வி கேட்டவருக்கு: கடக்கென்ற சத்தம் ட்ரனியனிலிருந்தா, சக்கர பேரிங்கிலிருந்தா என்று பிரித்தறிய, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும்போது சக்கரத்தை மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் ட்ரனியனோ மேல் பால்ஜாயிண்டோ. உங்கள் வண்டியில் பிரேக்கே இருக்காது என்று நினைக்கிறேன். அப்படியானால் டிரம்முக்கும் பின்தகட்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தால் போதும்.

19 ஜனவரி 2025

கதவு பற்றி. டிங்கரிங் ஆளை இப்போது கூப்பிடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இந்த வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது.

1950களின் பிற்பகுதியில் மற்ற நிறுவனங்கள் சேசிஸும் பாடியும் ஒன்றான அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தபோது, கவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு-ட்ரயம்ஃப் நிறுவனத்தால் அப்படி மாற முடியவில்லை. அதற்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. ஆகவே தனி சேசிஸ் ஒன்றைச் செய்து, அதன்மேல் துண்டு துண்டாக பாடியைப் போல்ட் போட்டு இறுக்கும் முறையில், இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டியின் வரைவில் 1959இல் ட்ரயம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது. துண்டுகளாகக் கப்பலேற்றி வேறு நாடுகளில் பூட்டுவதற்கும் இந்த அமைப்பு வசதியாக இருந்தது. 1961 முதல் அது நம் ஊரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1147 சி.சி., 1296 சி.சி. என்று எஞ்சின் வளர்ந்தபோதும் நாம் 948 சி.சி.யிலேயே நின்றோம். நான்கு கதவு மார்க் 3 நமக்கென்றே செய்யப்பட்டது. இங்கிலாந்துக்காரர்கள் படத்தைப் பார்த்தால் இன்றும் போலி என்பார்கள்.

இந்த அமைப்பினால் வரும் விளைவு என்னவென்றால், கதவின் இடைவெளியைத் தீர்மானிப்பது தகரம் அல்ல, சேசிஸின் நடுத்தண்டுகளிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள். பாடி அந்தக் கைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மாட்டுக்கொட்டகையின் ஈரமும் கோமியமும் அந்தக் கைகளைத்தான் முதலில் தின்றிருக்கும், அவை தளர்ந்ததும் பாடி இறங்கிக் கதவு தொங்கும். இப்போது டிங்கரிங் செய்து கதவைப் பொருத்தினால், பின்னால் சேசிஸைச் சரிசெய்யும்போது எல்லாம் மறுபடி விலகும். வேதாரண்யத்திலிருந்து நாகூர்வரை கடலோரத்தில் நின்ற வண்டிகளில் பின்பக்கக் கைகள் காகிதமாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு சிறிய சுத்தியலின் உருண்டைத் தலையால் கீழிருந்து தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு, சொத்தென்று கேட்டால் துரு.

வெல்டிங் வைக்கும்போது பாடியைக் கழற்றாமலே செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கை மட்டும் வெட்டி, புதியதை வைத்து முடித்த பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிப்போட்டால் அளவுக்குப் பிடிப்பதற்கு வண்டியில் ஒன்றும் மிஞ்சாது. பாடிக்கும் கைக்கும் நடுவில் கிடக்கும் தகட்டு வாஷர்களை எறிந்துவிடாமல், எந்த இடத்தில் எத்தனை என்று எழுதிக் கட்டி வையுங்கள்.

2 பிப்ரவரி 2025

எஞ்சின். கைப்பிடிக்கு அசையாத எஞ்சினைச் செத்ததாகக் கொள்ள வேண்டாம். ஆண்டுக்கணக்கில் நின்றதில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் தானியங்கி கியர் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு துளையிலும் ஊற்றி ஊற விடுங்கள். தினமும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, ஜாக்கியில் நிற்கும் பின்சக்கரங்கள் இரண்டையும் இருவர் பிடித்து ஒரே திசையில் மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கலாம். கைப்பிடியில் குழாயைச் செருகி முழு பலத்தில் திருப்புகிறவர்கள் கடைசியில் வளையத்தை உடைப்பார்கள். அசைந்த பின் செல்ஃப் கொடுக்கும் முன்னால் பழைய எண்ணெய் முழுவதையும் இறக்கிவிடுங்கள், ஊற்றியது எல்லாம் கீழே சம்ப்பில், அதாவது எஞ்சினின் அடித்தொட்டியில்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

ரீபோர், அதாவது சிலிண்டர் துளையை மறுபடி கடைவது, தேவைப்பட்டால் அஞ்ச வேண்டியதில்லை. 63 மி.மீ. துளை, 76 மி.மீ. வீச்சு, வார்ப்பிரும்பு பிளாக். பம்புசெட்டு எஞ்சினும் டிராக்டரும் பார்த்தே வாழ்கிற டெல்டாவில் போரிங் பட்டறை இல்லாத ஊர் குறைவு. மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ ஸ்லீவ் அடித்து ஹோன் செய்வதற்கு, கிர்லோஸ்கருக்கு ஸ்லீவ் அடிக்கும் அதே கைகள் போதும். பிஸ்டனை முதலில் கையில் வாங்கிக்கொண்டு, அதை அளந்து அதற்கேற்பத் துளையைப் போடச் சொல்லுங்கள். துளையைப் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது.

சில எண்கள்: பற்றும் வரிசை 1-3-4-2. வால்வு இடைவெளி 10 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பாயிண்ட் இடைவெளி 15 தௌ. பிளக் 25 தௌ. நட்டுகள் பெரும்பாலும் ஏ.எஃப். எனும் அங்குல அளவு, அரை அங்குலம், பதினாறில் ஒன்பது அங்குலம் என்று ஒரு செட் ஸ்பானர் வாங்கிவிடுங்கள். 13 எண் ஸ்பானரைத் திணித்து நட்டின் தலையை உருட்டிவிட்டு, பிறகு மெட்ரிக் போல்ட்டை அடித்து ஏற்றியிருக்கும் பழைய வேலைகள் உங்கள் வண்டியிலும் இருக்கும்.

3 பிப்ரவரி 2025

நேற்று விட்டுப்போனது. எஞ்சின் அசையத் தொடங்கியதும் ஒருவரை கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்னாலிருக்கும் கிராங்க் கப்பியைப் பாருங்கள். கப்பி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் பிறை வடிவ த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன, அல்லது கழன்று சம்ப்பில் கிடக்கின்றன. ட்ரயம்ஃபின் நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்கு இது பரம்பரை வியாதி. அப்படியே ஓட்டினால் கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும். வாஷர்களைச் சம்ப்பைக் கழற்றிக் கீழிருந்தே மாற்றலாம், எஞ்சினை இறக்க வேண்டாம்.

23 பிப்ரவரி 2025

அறுவடை முடிந்து வைக்கோல் போர் ஏறும் மாதங்களில் எலி வண்டிக்குள் குடிவருவது நமக்குப் புதிதில்லை. உங்கள் படத்தைப் பார்த்தால் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குடும்பமே இருந்திருக்கிறது. ஒட்டுப்போடும் வேலை வேண்டாம். முழு ஹார்னெஸையும் புதிதாகக் கட்டுங்கள், ஆனால் கடைக்காரர் கொடுக்கும் ஒரே சிவப்பு ஒயரில் கட்டாதீர்கள். இந்த வண்டியின் மின்சாமான்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தின் முறையில் நிறத்துக்குப் பொருள் உண்டு: பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷன் வழியாக ஃபியூஸ் கடந்து வருவது, ஊதா எப்போதும் உயிரோடிருக்கும் ஃபியூஸ் வழி, நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட், கருப்பு எர்த். இதைக் காப்பாற்றினால், இருட்டில் வண்டி நின்றாலும் எந்த மெக்கானிக்குக்கும் தொலைபேசியிலேயே வழி சொல்லலாம்.

பேட்டரி மாட்டும் முன் எந்த முனை பாடியில் கட்டப்பட்டிருந்தது என்று பாருங்கள். அந்தக் காலத்து லூகாஸ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் பொதுவானது. யாராவது நடுவில் நெகட்டிவுக்கு மாற்றியிருக்கவும் கூடும். மாற்றியவர் டைனமோவின் முனையையும் மாற்றிப் பதியவைத்தாரா, காயிலின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றினாரா என்பது தனிக் கேள்வி. டைனமோவுக்கு, அதன் எஃப் முனையில் பேட்டரியின் உயிர்முனையிலிருந்து ஒரு ஒயரை நொடிப்பொழுது தொட்டு எடுத்தால் போதும், ஆனால் அதற்கு முன் ரெகுலேட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட வேண்டும்.

16 மார்ச் 2025

ட்ரனியனும் தண்டும் இரண்டு பக்கமும் போய்விட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, இப்போதாவது தெரிந்ததே. எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன்.

“ஸ்டாண்டர்டு ஹெரால்டு பார்ட்ஸ்” என்று கேட்டால் நம் கடைகளில் தலையாட்டிவிடுவார்கள். ஆனால் இந்த முன்சக்கர அமைப்பையே ட்ரயம்ஃப் தன் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ், ஜி.டி.6 வண்டிகளிலும் வைத்தது, ஸ்பிட்ஃபயர் 1980வரை வந்தது. இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் ஆர்வலர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் ட்ரனியன், தண்டு, புஷ், பால்ஜாயிண்ட் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. ஹெரால்டு என்று தேடுவதைவிட ஸ்பிட்ஃபயர் என்று தேடுங்கள். வாங்குவதற்கு முன் தண்டின் அளவையும் பழைய ட்ரனியனின் படத்தையும் விற்பவருக்கு அனுப்பி உறுதிசெய்துகொள்ளுங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் மரை எதிரெதிர்த் திசை, ஆகவே இரண்டும் ஜோடியாக வேண்டும். கூரியரும் சுங்கவரியும் சேர்ந்து கையைக் கடிக்கும்தான். இந்த வண்டியில் நான் முணுமுணுக்காமல் பணம் கொடுக்கும் இடம் இது ஒன்றே.

பொருத்தும்போது: மரையை முழுவதும் உள்ளே திருகிவிட்டு, பிறகு சற்றுப் பின்னுக்குத் திருப்பி, இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்தாலும் அடியில் முட்டாதபடி விட வேண்டும்.

எஞ்சின் பக்கத்துச் சாமான்களுக்குச் சென்னை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பழைய இருப்பு வைத்திருக்கும் கடைகளில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். பழைய பாகத்தைக் கழுவித் துடைத்துக் கையில் கொண்டுபோய், அளவைச் சொல்லிக் கேளுங்கள். ஆயில் சீலும் பேரிங்கும் எண்ணிலும் அளவிலும் ஓடுகிறவை, எந்த வண்டியினுடையது என்று கடைக்காரருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. சீலின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண் சொன்னால் தஞ்சாவூரிலேயே கிடைத்துவிடும். புதுப்பேட்டைக்கு விளக்கு வளையம், கண்ணாடி, ஹேண்டில் போன்றவற்றுக்காகப் போகலாம்; அங்கே கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம். கோயம்புத்தூரில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டுத் தருவார்கள். நம் பக்கத்துக் காயலான் கடைகளையும் விட்டுவிடாதீர்கள், டெல்டாவில் மிராசுதார் வீடுகளிலும் டாக்டர் வீடுகளிலும் நின்ற ஹெரால்டுகள் கடைசியில் எடைக்குத்தான் போயின.

17 மார்ச் 2025

“வெண்கலம்தானே, நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கிறவர்களிடம் ட்ரனியனையும் வார்த்துக்கொண்டால் என்ன” என்று மயிலாடுதுறை அண்ணன் கேட்கிறார். அண்ணே, குத்துவிளக்கு உடைந்தால் திரிதான் அணையும். ட்ரனியனின் உலோகக் கலவை, உள்மரையின் துல்லியம், வார்ப்பின் உள்ளே காற்றுக்குழி இல்லாமை ஆகிய மூன்றும் சோதித்து உறுதிசெய்யப்பட வேண்டியவை. அந்தச் சோதனைக்கான கருவி விளக்குப் பட்டறையில் இருப்பதற்கு நியாயமில்லை. தாங்கும், திருப்பும், நிறுத்தும் பாகங்கள் எதையும் உள்ளூரில் வார்க்க வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஆனால் உங்கள் யோசனையை முழுவதும் தள்ளவும் மனம் வரவில்லை. கதவுக் கைப்பிடி, ஜன்னல் சுழற்றி, பானெட்டின் எழுத்து, பெயர்ப்பட்டை இவையெல்லாம் முதலில் துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோமியம் பூசப்பட்டவை. நம் ஈரக்காற்றில் பூச்சுக்கு அடியில் கொப்புளம் விட்டு உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடுகின்றன, மறுபூச்சும் நிற்பதில்லை. இவற்றுக்குச் சுவாமிமலையை விடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றும் அவர்கள் முறையில், எழுத்தின் விளிம்புகூட மழுங்காமல் வரும். என் வண்டியின் ஜன்னல் சுழற்றிகள் அங்கே பித்தளையில் வார்த்தவை. ஸ்தபதி அதைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்தத் தெய்வத்தின் ஆயுதம்?” என்று கேட்டார்.

பழைய பாகத்திலிருந்து நேரடியாக அச்செடுத்தால் வார்ப்பு சிறுத்துவிடும். பித்தளை குளிரும்போது ஏறத்தாழ 1.5 சதவீதம் சுருங்குகிறது. கைப்பிடிக்கு இது தெரியாது, ஆனால் தண்டு நுழையும் சதுரத் துளைக்குத் தெரியும். துளையை வார்ப்பில் விடாமல் பிறகு லேத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

20 ஏப்ரல் 2025

பின்சக்கரச் சாய்வு. வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே படம் எடுத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது, சக்கரங்கள் அடியில் உள்வாங்கி நிற்கின்றன. ஜனவரியில் நீங்கள் சொன்னதற்கு நேர்மாறு. ஹெரால்டின் பின்அச்சு நடுவிலிருந்து இரண்டு சிறகுகளாக அசைவது, ஜாக்கியில் தூக்கினால் சக்கரங்கள் அடியில் மடங்கும், இறக்கினாலும் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு உடனே விரியாது. வண்டியை முன்னும் பின்னும் சில அடி உருட்டிய பிறகுதான் அளக்க வேண்டும். உருட்டிய பின்னும் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்தால் குறுக்குப் பட்டை, அதாவது பின்பக்கத்து இலை ஸ்பிரிங், தளர்ந்துவிட்டது.

குறுக்குப் பட்டை ஒன்றே ஒன்று, டிஃபரன்ஷியலின் தலையில் உட்கார்ந்து இரண்டு சக்கரத்தையும் தாங்குகிறது. லாரிப் பட்டை அடிக்கும் கொல்லுப்பட்டறைகளில் இதற்கு வளைவு ஏற்றித் தருவார்கள். தாங்கும் பாகத்தை உள்ளூரில் செய்ய வேண்டாம் என்றேனே, இது முரணில்லையா என்று கேட்பீர்கள். பட்டை அடிப்பது அவர்கள் அன்றாடம் செய்யும் வேலை, அதே எஃகு, அதே சூடு, அதே எண்ணெய்க் குளியல். அனுபவம் இருக்கும் இடத்தில் தயங்க வேண்டியதில்லை. ஆனால் பாரம் தாங்கட்டும் என்று கூடுதலாக ஓர் இலை சேர்க்கச் சொல்லாதீர்கள். பின்பக்கம் தூக்கி நின்றால் வளைவில் வெளிச்சக்கரம் மடங்கிக் குத்திக்கொள்ளும். கல்லணைக் கால்வாய்க் கரைச் சாலைகளில் அந்த அனுபவம் யாருக்கும் வேண்டாம். வளைவுக்குள் நுழைந்த பிறகு பயந்து ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடுவதும் இதே விளைவைத் தரும். வேகத்தைக் குறைப்பதென்றால் வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும்.

11 மே 2025

எஞ்சின் ஓடியது என்று எழுதியிருக்கிறீர்கள், கால் மணி நேரத்தில் நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது. அக்கினி நட்சத்திரத்தில் எடுத்தால் முதலில் தோன்றுவது குழாயில் பெட்ரோல் ஆவியாவதுதான். ஆனால் அதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். நின்ற உடனே பிளக்கில் பொறி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் காயிலோ கண்டென்சரோ சூட்டில் விழுகிறது. பொறி வந்தால், பெட்ரோல் பம்பின் கை நெம்புகோலை அசைத்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஏறாவிட்டால் பம்பின் டயஃப்ரம். இன்று பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1967இன் ரப்பரும் கார்க்கும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ரப்பர் ஊதி மெத்தென்றாகும், ட்யூபின் உட்புறம் உரிந்து ஜெட்டில் போய் அடைக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துருவை வளர்க்கும். டயஃப்ரம், ட்யூப், சோலெக்ஸ் கார்புரேட்டரின் வாஷர்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். நிறுத்தி வைப்பதென்றால் டேங்கை வற்ற வையுங்கள்.

ஈயம் இல்லாத பெட்ரோல் பற்றி இன்னொருவர் கவலைப்பட்டிருந்தார். 2000ஆம் ஆண்டிலேயே நாடு முழுவதும் ஈயம் நின்றுவிட்டது. வார்ப்பிரும்புத் தலையில் வால்வு உட்காரும் இடம் மெல்ல உள்வாங்கலாம்தான், ஆனால் நம் வேகத்துக்கு அது அவசரமான ஆபத்தில்லை. வால்வு இடைவெளி அடிக்கடி தானாகக் குறைந்துகொண்டே வந்தால், அடுத்த முறை ஹெட்டை இறக்கும்போது கெட்டியான சீட் அடித்துக்கொள்ளுங்கள்.

22 ஜூன் 2025

பிரேக். எல்லா ரப்பரும் புதிது, நான்கு சக்கர சிலிண்டரும் புதிது, சேசிஸ் ஓரமாகப் போகும் குழாய்கள் புதிது. இதில் சிக்கனம் இல்லை. டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் திரவம் ஊற்றுங்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அந்தத் திரவம் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, ஈரத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

டயர்: முதலில் வந்தது 5.20-13. இன்று 145/80 அல்லது 155/80 ஆர்13 ரேடியல் சரியாக உட்காரும். இதைவிட அகலமாகப் போட்டு ஸ்டியரிங்கைக் கனமாக்கிவிடாதீர்கள். 25 அடி விட்டத்தில் திரும்பும் வண்டி இது. தஞ்சாவூர் மேலவீதியின் சந்துகளில் அதன் அருமை தெரியும்.

13 ஜூலை 2025

மாருதி எஞ்சின் பேச்சு மறுபடி வந்திருப்பதால் ஆர்.சி. விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவிலேயே இருக்கும் வண்டிகளைப் பாரம்பரிய வண்டியாகப் பதியலாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், புதிதாக எண் வாங்கும் வண்டிக்கு எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்பட்ட வண்டிக்கு அந்தத் தகுதி கிடையாது. வேறு எஞ்சினை வைத்த நிமிடத்தில் அந்த வாசல் மூடிவிடும். சாதாரணப் பதிவிலேயே வைத்திருந்தாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின் கீழ் எஞ்சின் மாற்றத்துக்கு முன் அனுமதி வேண்டும்.

ஆனாலும் உங்களுக்கு நான் பாரம்பரியப் பதிவைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பதிவில் வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. பேத்தியை அழைத்துக்கொண்டு எட்டுக்குடிக்கோ வேளாங்கண்ணிக்கோ போக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு, பெரியப்பாவின் பெயரிலிருந்து படிவம் 31 வழியாக வாரிசுக்கு மாற்றிக்கொண்டு, படிவம் 25 கொடுத்துத் தகுதிச் சோதனைக்கு நிறுத்தி ஐந்தாண்டுப் புதுப்பித்தல் வாங்குவதே பொருத்தம். வாரிசுச் சான்று தாலுகா அலுவலகத்திலிருந்து வர நாளாகும், வண்டி வேலை முடியும்வரை காத்திராமல் இப்போதே எழுதிக் கொடுங்கள். சோதனையில் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் உருவியெடுப்பார்கள். கைகளுக்கு வெல்டிங் வைத்தவர் அந்த எண் இருக்கும் இடத்தில் பெயிண்டைத் தடிமனாக அப்பியிருந்தால் அதை இப்போதே சுரண்டிவிடுங்கள்.

3 ஆகஸ்ட் 2025

பத்து கிலோமீட்டர் ஓடிய செய்தி கண்டு மகிழ்ச்சி. ஆக்ஸிலேட்டரை விடும்போது பின்னாலிருந்து வரும் ஊளைக்குப் பட்டை காரணமில்லை. டிஃபரன்ஷியலின் எண்ணெய் அளவை முதலில் பாருங்கள். பக்கத்து நிரப்புத் துளையின் விளிம்புவரை இ.பி. 90 நிற்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும், முன்னாலிருக்கும் பினியன் சீலா, பக்கத்து அச்சுகளின் சீலா என்று. எண்ணெய் சரியாக இருந்தும், ஆக்ஸிலேட்டரை விடும்போது மட்டும் ஊளை கேட்டு, மிதிக்கும்போது மறைந்தால், பினியன் பேரிங்கின் இறுக்கம் குறைந்திருக்கும். அந்த நட்டை யாரும் ‘கொஞ்சம்’ இறுக்கிவிட அனுமதிக்காதீர்கள், இறுக்கத்தை எடைத்தராசு வைத்து அளந்து சரிசெய்ய வேண்டும். அதற்கு முன் எஞ்சின் பக்கத்திலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் கார்டன் ஷாஃப்டின் குறுக்கு இணைப்புகளில் கை வைத்து ஆட்டமிருக்கிறதா என்று பாருங்கள். பாதி ஊளைகள் அங்கேயே முடிந்துவிடும். துளையின் படத்தையும், அடியில் எண்ணெய் சொட்டிய இடத்தின் படத்தையும் போடுங்கள், சீலின் அளவு அதற்குப் பிறகு.